கூத்தும் டேப்பும் பின்னே நானும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டாத மக்கள் நடுவுல வர்ற கணக்கு வழக்கைத் தாண்டிக் குதிச்சு, கூத்து வர்ற இடத்துல இறங்கிக்கலாம்.

"டேப்பா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" டேப்புன்னு வாயைத் திறந்தாலே இந்தக் கேள்விதான் வருது. டேப் ரெக்கார்டர்ல இளையராஜா கேட்ட தலைமுறைக்கு டேப்புன்னா பென்சில் விட்டு சுத்துற சமாச்சாரம்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்லீங்க. எல்டிஓ டேப். கைக்கு அடக்கமா சதுரமா ஒரு டப்பா, உள்ளே அரை இன்ச் அகலத்துல எட்டு நூறு மீட்டருக்கு மேல டேப். 2000-ல முதல் தலைமுறை வந்தப்ப 100 ஜிபி. 2012-ல வந்த ஆறாவது தலைமுறை 2.5 டிபி. 2021-ல வந்த ஒன்பதாவது 18 டிபி. அட்டைப்பெட்டி மேல 6.25 டிபின்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், நம்பாதீங்க. அது கம்ப்ரெஸ் ஆனா வர்ற கணக்கு. வீடியோ பைல் கேமராவுலேயே சுருங்கித்தான் வருது. பிழிஞ்ச எலுமிச்சம்பழத்தை மறுபடி பிழிஞ்சா என்ன வரும்?

2011 பிப்ரவரியில கூகுள்காரனுக்கே டேப்தான் கை கொடுத்துச்சு. ஒரு சாப்ட்வேர் கோளாறுல ஜிமெயில் பயனாளர்கள்ல சுமார் 0.02 சதவீதம் பேரோட மெயில் பெட்டி காலி. வேற வேற டேட்டா சென்டர்ல இருந்த காப்பியையும் அந்தக் கோளாறு விட்டு வைக்கலை. அலமாரியில கம்முனு கிடந்த டேப்புல இருந்துதான் திருப்பி எடுத்தாங்க. கரண்டு இல்லாம, நெட்டு இல்லாம சும்மா கிடக்குறதுதான் டேப்போட பெரிய பலமே.

சரி, மேட்டருக்கு வருவோம்.

செய்யாறு பக்கம் ஒரு ஊர்ல ஒரு ரிடையர்டு டிராயிங் மாஸ்டர் இருக்கார். ஊரே அவரை மாஸ்டர்னுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்லிக்கறேன். 2010-ல இருந்து சுத்துப்பட்டுல எங்கே தெருக்கூத்து நடந்தாலும் கேமராவைத் தூக்கிட்டுப் போயிடுவார். பங்குனியில தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் ஓடும். அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு ஒவ்வொண்ணும் எட்டு மணி நேரம். யாரும் கேக்கலை, யாரும் காசு குடுக்கலை. பென்ஷன் காசுதான். அதுல கட்டை கட்டி ஆடுன ஆளுங்க சில பேர் இப்ப உயிரோட இல்லை. அவங்க ஆட்டம் மாஸ்டரோட டிஸ்க்குல மட்டும்தான் இருக்கு. இந்த ஒரு வரியை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

கணக்கு என்னன்னா, பழைய கேமராவுல நொடிக்கு 24 மெகாபிட். ஒரு ராத்திரிக்கு 86 ஜிபி ஆகும். அப்படி ஒரு அறுபது ராத்திரி. 2018-க்கு அப்புறம் 4கே கேமரா ரெண்டு, ஒவ்வொண்ணும் 100 மெகாபிட். ஒரு ராத்திரிக்கு 720 ஜிபி! அப்படி பன்னெண்டு ராத்திரி. எல்லாம் சேர்த்து 14 டிபி கிட்ட. அத்தனையும் பழைய புது எக்ஸ்டர்னல் டிஸ்க்குல, ஒரே ஒரு காப்பி. அதுல ஒரு டிஸ்க் 'டிக் டிக்'னு கடிகாரம் மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சதும் மனுசன் ஆடிப் போயிட்டார். சென்னையில ஒரு ஸ்டூடியோவுல கழிச்சுக் கட்டுன எல்டிஓ-6 டிரைவை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். கூடவே அவங்க உபயோகிச்ச பழைய டேப் அஞ்சாறு இலவசம். அந்த ஸ்டூடியோவுல ஆணி பிடுங்குற என் தோஸ்து ஒருத்தன்தான் பொட்டியில எல்லாத்தையும் செட்டப் பண்ணிக் குடுத்தான். அப்புறம் 2024 ஜூன்ல என்னைக் கூப்பிட்டு, "டேய், பெரியவர் தினம் போன் பண்றார், நீதான் டேப் பாத்தவனாச்சே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாடா"ன்னான்.

மாஸ்டர் போன்ல சொன்ன சிம்ப்டம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ரொம்ப மெதுவா எழுதுது. 2 டிபி எழுத 25 மணி நேரம். ரெண்டு, பாதியில எர்ரர் அடிச்சு நின்னுடுது, ஏழு தடவை போட்டதுல ஒரே ஒரு தடவைதான் முடிஞ்சது. எல்டிஓ-6 முழு வேகத்துல ஓடினா நொடிக்கு 160 எம்பி, 2 டிபிக்கு மூன்றரை மணி நேரம் போதும். அவருக்குக் கிடைச்சது 22 எம்பி.

போய் இறங்கினதும் நான் முதல்ல ஸ்க்ரீனைப் பாக்கலை. காதைத்தான் கொடுத்தேன். 'சர்ர்ர்... டக்... சர்ர்... டக்...' நல்லா ஓடுற டிரைவ் ஒரே சீரா தறி மாதிரி ஓடணும். இது நின்னு நின்னு ஓடுது. இதுக்கு ஷூ ஷைனிங்னு பேரு. ஷூவுக்கு பாலிஷ் போடுறவர் துணியை இப்படியும் அப்படியும் இழுப்பாரே, அதே மாதிரி.

ஏன் அப்படி ஆகுது? டேப் நொடிக்குப் பல மீட்டர் வேகத்துல ஓடுது. எழுத டேட்டா தீர்ந்து போச்சுன்னா டிரைவ் நிக்கணும். ஆனா பட்டுன்னு நிக்க முடியாது, ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நிக்கிற ரயில் மாதிரி தாண்டித்தான் நிக்கும். அப்புறம் ரிவர்ஸ் வந்து, விட்ட இடத்துக்கு முன்னாடி போய், மறுபடி வேகம் புடிச்சு எழுதணும். அதுக்குள்ள அடுத்த கை டேட்டா தீர்ந்திருக்கும். மறுபடி ரிவர்ஸ். டிரைவும் ஒண்ணும் முட்டாள் இல்லை, டேட்டா மெதுவா வந்தா அதுக்கேத்த மாதிரி வேகத்தைக் குறைச்சுக்கும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. முழு வேகத்துல மூணுல ஒரு பங்குன்னு தோராயமா வச்சுக்கலாம். அதுக்கும் கீழே போனா ஷூ பாலிஷ்தான். இதுல நேரம் மட்டும் போகலை. டேப்பும் தேயுது, ஹெட்டும் தேயுது.

அப்போ, டேட்டா ஏன் மெதுவா வருது? டேப்பை ஓரமா வச்சுட்டு, டிஸ்க்கை மட்டும் படிச்சு எங்கேயும் எழுதாம கீழே கொட்டிப் பாத்தேன். 30 எம்பி. டேபிளுக்கு அடியில எட்டிப் பாத்தா, நாலு டிஸ்க்கும் ஒரு பழைய யுஎஸ்பி ஹப்புல தொங்குது, அந்த ஹப்பு பொட்டியோட முன்பக்கம் இருக்கிற யுஎஸ்பி 2 ஓட்டையில. வீட்டுல பெயிண்ட் அடிச்சப்ப கழட்டி மாட்டினாங்களாம். பின்பக்கம் நீலக் கலர் யுஎஸ்பி 3 ஓட்டை சும்மா கிடக்கு. மாத்தி சொருகினதும் 110, 115 வந்துச்சு.

அடுத்து டிரைவைத் தனியா சோதிக்கணும். இங்கே நிறைய பேர் வழுக்கி விழுற இடம் ஒண்ணு உண்டு. லினக்ஸ்ல வெறும் பூஜ்யத்தை அள்ளி டேப்புல கொட்டி வேகம் பாப்பாங்க. டிரைவ் தானே கம்ப்ரெஸ் பண்ணிக்கும், பூஜ்யத்தை எழுதுறது அதுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. மீட்டர் 300-ஐத் தாண்டிப் பறக்கும், டிரைவ் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கண்டபடி கலந்த டேட்டாவை மெமரியில உருவாக்கி வச்சுட்டு அதை எழுதிப் பாத்தாத்தான் நிஜ நிலவரம் தெரியும். அப்படிப் பாத்ததுல ஒரு டேப்புல 90, ஒண்ணுல 60, ஒண்ணுல 40. டேட்டா வேணுங்குற அளவு வந்தும் டிரைவ் திணறுது. ஆக, வியாதி ஒண்ணு இல்லை.

எல்டிஓவுல எழுதுற ஹெட்டுக்குப் பின்னாடியே படிக்கிற ஹெட் ஒண்ணு ஓடும். எழுதினதை உடனே படிச்சுப் பாக்கும், தப்பா இருந்தா அதே விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி மறுபடி எழுதும். நமக்கு எர்ரர்னு எதுவும் வராது. வேகம் குறையும், கொள்ளளவு குறையும், அவ்வளவுதான். அதனால "மெதுவா எழுதுது, ஆனா எர்ரர் இல்லை, பரவாயில்லை விடு"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். உள்ளே அது எத்தனை தடவை திருப்பித் திருப்பி எழுதுச்சுங்கறதை டிரைவே கணக்கு வச்சிருக்கும். கேட்டு வாங்கினேன். எக்கச்சக்கம்.

ஹெட்டு அழுக்கா இருந்தா டிரைவே லைட்டு போட்டுக் காட்டணுமே? முன்பக்கம் அந்த லைட்டைத் தேடுறேன், காணோம். அந்த இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கு!

"அதுவா தம்பி, ஆரஞ்சு கலர்ல ராத்திரி பூரா எரிஞ்சுகிட்டே இருக்கு. இந்த ரூம்லதான் படுக்குறேன், தூக்கமே வரலை. அதான் ஒட்டி வச்சேன்."

சிரிப்பை அடக்கிக்கிட்டு, "மாஸ்டர், அது என்னைக் கழுவுடான்னு கத்துது"ன்னேன். கிளீனிங் கார்ட்ரிட்ஜ்னு தனியா விக்கிறாங்க, பாக்க டேப் மாதிரியே இருக்கும், பெரும்பாலும் 50 தடவை வரைக்கும் உபயோகிக்கலாம். டேப் ரெக்கார்டர் ஹெட்டுக்குப் பண்ற மாதிரி பஞ்சு, ஸ்பிரிட்டு எல்லாம் இங்கே ஆகவே ஆகாது. வரவழைச்சு ஒரு சுத்து விட்டதும், 90-ல ஓடுன டேப் 155-க்கு வந்துச்சு. 60 போனது 150. 40 மட்டும் அசையவே இல்லை, அது டேப்போட கோளாறு. இலவசமா வந்த டேப்புல ரெண்டு அந்த ரகம். எங்கே விழுந்துச்சோ, எந்த வெயில்ல கிடந்துச்சோ. தூக்கிப் போடச் சொன்னேன், மாஸ்டருக்கு மனசே வரலை. ஒண்ணை டீ கிளாஸ் வைக்க வச்சுக்கிட்டார்.

இனி, பாதியில நிக்குற பிரச்சினை. இங்கேதான் மாஸ்டர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டார். நாப்பது பக்க நோட்டுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, ஏழு முயற்சியையும் எழுதி வச்சிருக்கார். தேதி, ஆரம்பிச்ச மணி, நின்ன மணி, எத்தனை சதவீதம், ஒரு வரி குறிப்பு. வாத்தியார் புத்தி. சதவீதத்தைப் பாத்தா தலையும் புரியலை வாலும் புரியலை. ஒரு தடவை 71, ஒரு தடவை 34, ஒரு தடவை 58. ஆரம்பிச்ச மணியும் வேற வேற. ஆனா நின்ன மணியை மட்டும் விரல் வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தேன். மத்தியானம் 1.40. 2.15. 3.05. 1.55... ஆறும் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல!

முழுசா முடிஞ்ச அந்த ஒரு தடவைக்கு நேரா குறிப்புல என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "நல்ல மழை."

டிரைவ் இருந்தது மர பீரோவுக்குள்ள. தூசி படக் கூடாதுன்னு கதவையும் சாத்தி வச்சிருந்தார். செய்யாத்து சித்திரை வெயில், மேல ஓட்டுக் கட்டடம், மூடுன பீரோ, உள்ளே தன் பங்குக்குச் சூட்டைக் கக்குற டிரைவ். சுத்தி இருக்குற காத்து 40 டிகிரியை நெருங்கினாலே இந்த டிரைவுகளுக்கு ஆகாது. பீரோவுக்குள்ள அதுக்கும் மேலயே இருந்திருக்கும். சூடு தாங்காம டிரைவ் கையைத் தூக்கிடுது.

ரெண்டு சிம்ப்டத்தையும் சேர்த்துப் பாருங்க. 25 மணி நேரம் ஓடுற வேலை, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாலும் ஒரு மத்தியானத்தைத் தாண்டித்தானே ஆகணும்? மூன்றரை மணி நேரத்துல முடியுற வேலைன்னா ராத்திரி சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள டேப்பை வெளியே எடுத்துடலாம். அது மெதுவா ஓடினதாலதான் பாதியில நின்னுச்சு.

வைத்தியம் சிம்பிள்தான். பீரோவுல இருந்து டிரைவைக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். 2 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி உள்ளே மாட்டினோம். பகல்ல பழைய டிஸ்க்குல இருந்து எஸ்எஸ்டிக்கு ரெண்டு கூத்து காப்பி, அப்பவே ஒவ்வொரு பைலுக்கும் எம்டி5 கையெழுத்து எடுத்து வச்சிடணும். ராத்திரி எஸ்எஸ்டியில இருந்து டேப்புக்கு. அது நொடிக்கு 500 எம்பி தரும், டிரைவ் எவ்வளவு வாயைத் திறந்தாலும் ஊட்டும். ரெண்டு கூத்து 1.44 டிபி, 2 மணி 40 நிமிஷத்துல முடிஞ்சுடுது. சத்தமும் தறி மாதிரி ஒரே சீரா வருது. மாஸ்டர் சம்சாரம்தான் முதல்ல கண்டுபுடிச்சாங்க: "இப்ப விக்கல் எடுக்கலைங்க."

எந்த வடிவத்துல எழுதறதுன்னு எனக்கும் அவருக்கும் சின்னச் சண்டை. எனக்குப் பிடிச்சது டார். பிளாக் அளவைப் பெருசு பண்ணி, நடுவுல 4 ஜிபிக்கு ஒரு பபர் போட்டா சும்மா கிழிச்சுக்கிட்டு ஓடும். மாஸ்டர் கேட்டார், "தம்பி, எனக்கப்புறம் என் பொண்ணு இதைத் திறக்கணும்னா அவளுக்கு இந்த மந்திரமெல்லாம் தெரியுமா?" பதில் இல்லை என்கிட்ட. எல்டிஎப்எஸ்ல எழுதினோம். அது 2010-ல எல்டிஓ-5 கூட வந்த முறை, டேப் ஒரு டிஸ்க் மாதிரியே போல்டரும் பைலுமா தெரியும். ஆனா டிஸ்க் மாதிரி தெரியுதேன்னு டிஸ்க் மாதிரியே நோண்டக் கூடாது. போல்டரைத் திறந்தா போதும், பொட்டி ஒவ்வொரு வீடியோவுக்கும் குட்டிப் படம் காட்டுறேன்னு டேப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட வைக்கும். குட்டிப் படத்தை அணைச்சு வச்சுட்டுத்தான் கிளம்பினேன்.

டாய் ஸ்டோரி 2 கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1998-ல பிக்ஸார்ல யாரோ ஒருத்தர் அழிக்கிற கமாண்டைத் தட்ட, படத்தோட பைலெல்லாம் கண் முன்னாடியே காணாமப் போச்சு. பேக்கப் இருக்கேன்னு திருப்பிப் போட்டா அதுவும் சரியில்லை, சோதிச்சுப் பாக்காமலே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கேலின் சஸ்மன்னு ஒரு டெக்னிக்கல் டைரக்டர், கைக்குழந்தையோட வீட்டுல இருந்து வேலை பாத்ததால அவங்க வீட்டுப் பொட்டியில ஒரு காப்பி இருந்துச்சு. அதைப் போர்வையில சுத்திக் கார்ல கொண்டு வந்தாங்க. மாஸ்டர்கிட்ட இதைச் சொன்னதும், "அப்ப அந்த மழை நாள்ல முடிஞ்ச டேப்பைப் படிச்சுப் பாத்துடலாமே"ன்னார்.

எனக்கும் அதுதான் வயித்தைக் கலக்கிக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா அந்த டேப்புல இருந்தது ரெண்டு பழைய டிஸ்க். அதுல டிக் டிக் டிஸ்க்கும் ஒண்ணு. நான் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அது சுத்தமா உயிரை விட்டுடுச்சு. 2011, 2012 வருஷக் கூத்து மொத்தமும் இப்ப அந்த ஒரு டேப்புல மட்டும்தான். எழுதி முடிச்ச மறுநாள் சாப்ட்வேர் சரி பாத்தப்ப ரெண்டு பைல் படிக்க முடியலைன்னு சொல்லியிருக்கு. நோட்டுல ரெண்டு பேரும் சிவப்பு மையில இருக்கு. ரெண்டுமே ஒரே கர்ண மோட்சம், 2012. கர்ணன் வேஷம் கட்டுனவர் 2016-லேயே தவறிட்டார்.

எழுதும்போதே படிச்சுப் பாத்துத்தானே எழுதுது, அப்ப நல்லாத்தானே இருந்திருக்கணும்? அப்புறம் படிக்க முடியலைன்னா அழுக்கு ஹெட்டாவும் இருக்கலாம். இந்த ஒரு நம்பிக்கைதான். இப்ப ஹெட்டு சுத்தம். எழுத்துத் தடுப்புச் சாவியை நகர்த்திட்டு டேப்பை உள்ளே விட்டோம். ராத்திரி பதினொண்ணு இருக்கும். ஒவ்வொரு பைலா வந்துச்சு. பழைய கேமராவோட கார்டுல 4 ஜிபிக்கு மேல ஒரே பைலா எழுத முடியாது. அதனால ஒரு ராத்திரிக் கூத்தை இருபது இருபத்திரண்டு துண்டா வெட்டி வச்சிருக்கும், ஒவ்வொண்ணும் 24 நிமிஷம் போல. அந்தக் காலத்துல எரிச்சலைக் கிளப்பின சமாச்சாரம், அன்னைக்கு சாமி மாதிரி இருந்துச்சு.

முதல் சிவப்பு மை பைல் கிட்ட வந்ததும் டிரைவ் ஒரு தடவை தயங்குச்சு. பின்னாடி போச்சு. முன்னாடி வந்துச்சு. அப்புறம் ஓடிடுச்சு. மாஸ்டர் அதை அப்பவே போட்டுப் பாக்கணும்னார். முகவீணைச் சத்தம், அதுக்கு மேல ஆர்மோனியம், புஜகீர்த்தியும் கிரீடமுமா கர்ணன் திரைக்குப் பின்னாடி இருந்து வர்றான். உள்ளே படுத்திருந்த மாஸ்டர் சம்சாரம் எழுந்து வந்து, கர்ணன் வேஷக்காரர் பேரைச் சொல்லி, "அவரா?"ன்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. யாரும் எதுவும் பேசலை. 24 நிமிஷமும் ஓடி முடிஞ்சுச்சு.

ரெண்டாவது பைல் வரலை. மூணு தடவை முயற்சி பண்ணியும் ஒரே இடத்துல நின்னுச்சு. டேப்பைச் சென்னைக்குக் கொண்டு வந்து, தோஸ்து ஆபீஸ்ல இருந்த எல்டிஓ-7 டிரைவுல போட்டுப் பாத்தேன். அங்கேயும் அதே பைல், அதே இடம். ரெண்டு டிரைவ் ஒரே இடத்துல முட்டினா டேப்லதான் அடின்னு அர்த்தம். செத்த டிஸ்க்கைப் பிரிச்சு டேட்டா எடுக்குற ஆளுங்ககிட்ட விசாரிச்சேன். அவங்க சொன்ன தொகையில மாஸ்டர் இன்னும் ரெண்டு எல்டிஓ டிரைவ் வாங்கலாம்.

போன்ல தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாஸ்டர் நோட்டைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. "அது கட்டியங்காரன் பகுதி தம்பி. ராத்திரி ரெண்டு மணி. அந்த நேரத்துல நான் டீ குடிக்கப் போயிருப்பேன், கேமரா மட்டும்தான் பாத்திருக்கும்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கட்டியங்காரன் இன்னும் தெம்பாத்தான் இருக்கான். அடுத்த பங்குனிக்கு அவனையே ஆட வச்சு எடுத்துடலாம்"னார்.

மொத்தத்தையும் எழுதி முடிக்க ஆகஸ்ட் ஆச்சு. கணக்குப்படி ஆறு டேப் போதும். ஆனா ஒரே கூத்தை ரெண்டு டேப்புல உடைக்க மாஸ்டர் சம்மதிக்கவே இல்லை, அதனால ஏழு. ரெண்டு செட்டு, எல்லாம் புது டேப், பதினாலு. ஒரு செட்டு அவர் வீட்டுல, பீரோவுல இல்லை, வீட்டுலேயே குளிர்ச்சியான பூஜை ரூம்ல. இன்னொண்ணு வேலூர்ல பொண்ணு வீட்டுல. ஒவ்வொரு டேப்பையும் எழுதினதும் திருப்பிப் படிச்சு எம்டி5 ஒத்துப் போகுதான்னு பாத்து நோட்டுல பச்சை மையில டிக். தினம் காலையில எனக்கு போன் வரும், "தம்பி, ரெண்டு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்." வணக்கம்கூட சொல்ல மாட்டார். தங்கமணி, "யாருங்க அது, ஓட்டப்பந்தயமா?"ன்னு கேட்டாங்க.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-7 டிரைவ் படிக்கும், எல்டிஓ-8 படிக்காது. அதாவது இந்தப் பதினாலு டேப்பையும் படிக்க உலகத்துல ரெண்டே தலைமுறை டிரைவுதான் உண்டு. மாஸ்டரோடது ஏற்கனவே செகண்ட் ஹேண்ட். கிளீனிங் கார்ட்ரிட்ஜ் மேல ஒவ்வொரு தடவைக்கும் கோடு போட்டுக்கிட்டு வர்றார், இதுவரைக்கும் நாலு கோடு. எல்டிஓ-7 டிரைவ் ஒண்ணு எங்கேயாவது கழிச்சுக் கட்டுறாங்களான்னு தோஸ்துகிட்ட சொல்லி வச்சிருக்கேன். உங்க ஆபீஸ்ல தூசி புடிச்சுக் கிடந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே.